யானை மேல் வரும் சீர்

மக்ரிப் பாங்கு அப்போதுதான் முடிந்திருந்தது. செல்லப்பன் கைப்பேசியை ஷாமளாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாரு. இதான் மெலாத்தி. ஞாயித்துக்கிழமை இது மேலதான் உன் சீர் வருது. நம்ம மாசாய் ஊர்ல எவன் கல்யாணத்துக்காவது யானை வந்திருக்கா?"

ஷாமளாவுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் செல்லப்பன்தான் படிக்க வைத்தார். மாப்பிள்ளையும் அவர் பார்த்ததுதான். சீர்த்தட்டுகளை யானை மேல் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுவருவது அவர் ஆசை. லாயாங் லாயாங் பக்கம் ஒரு பண்ணை விடுதியில் அந்த யானை சவாரிக்கு நிற்கிறது.

காணொளியில் அது தலையை இடமும் வலமும் அசைத்துக்கொண்டே இருந்தது.

"டான்ஸ் ஆடுது பாரு. கல்யாணம்னு தெரிஞ்சிருக்கு."

"ஆடல மாமா. ஒரே இடத்துல கட்டிப் போட்டா இப்படித்தான் ஆகும். முன்னங்கால ஊன மாட்டேங்குது, பாருங்க. எனக்கு யானை வேணாம்."

ஷாமளா பாசிர் கூடாங்கில் ஒரு விலங்கு மருத்துவரிடம் உதவியாளர்.

"பூனைக்கு ஊசி போடுறவ யானைக்கும் டாக்டர் ஆயிட்டா லா," என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

சமையலறையிலிருந்து அம்மா வெள்ளையம்மா வந்தாள்.

"தாய்மாமன் சீர வேணாம்னா என்ன அர்த்தம் தெரியுமா? உறவே வேணாம்னு அர்த்தம். என் தம்பி மண்டபத்து வாசப்படி மிதிக்க மாட்டான்."

"சீர் வேணும்மா. யானைதான் வேணாம்." ஷாமளா மாமாவிடம் திரும்பினாள். "நாளைக்கு நேர்ல வந்து பாருங்க. அப்புறம் நீங்க சொல்றதுதான்."

மறுநாள் காலை செல்லப்பன் அவளோடு விடுதிக்குக் கார் ஓட்டினார். வானொலியைப் போடவில்லை.

மெலாத்தி சிமெண்ட் தரையில் நின்றிருந்தது. பின்னங்காலில் சங்கிலி. செல்லப்பன் குனிந்து முன்னங்காலைப் பார்த்தார். நகத்தைச் சுற்றி வெடிப்பு. உள்ளே சீழ். ஈ மொய்த்தது. யானை அந்தக் காலைத் தூக்கிக் காற்றிலேயே வைத்திருந்தது. பிறகு தலையை அசைக்கத் தொடங்கியது.

"அது ஒண்ணுமில்லண்ணே," என்றார் விடுதிக்காரர் ரூபேந்திரன். "மருந்து அடிச்சிருக்கோம். அன்னிக்குப் பட்டு போத்திருவோம். கால் வரைக்கும் மறைஞ்சிரும்."

செல்லப்பன் நிமிர நேரமாயிற்று.

"வீடியோவுல இது தெரியல," என்றார்.



"யானைய ஏத்திக்கிட்டு லோரி அனுப்ப வேணாம், ரூபேன். தட்ட நாங்களே தூக்கிக்கிறோம்."

"சரிண்ணே. அன்னிக்கு டூரிஸ்ட் பஸ்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. சவாரிக்கு விட்டுர்றேன்."

ஷாமளா மாமாவைப் பார்த்தாள். அவர் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயிறு முழுக்க எனக்குத்தான புக்கிங்?"

"நீங்கதான இப்ப வேணாம்னு..."

"லோரிதான் வேணாம்னேன். புக்கிங் இருக்கட்டும். அன்னிக்கு எவனும் மேல ஏறக் கூடாது. சங்கிலிய அவுத்து, அந்தா, அந்த மண்ணுல விடு. இவ வேலை பாக்குற இடத்து டாக்டர அனுப்பி வைப்பா. காலப் பாக்கட்டும்."

"அலமாக்!" என்று வியந்தார் ரூபேந்திரன். "யானைக்கு லீவா?"

"ஆமா. லீவு."

ரூபேந்திரன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். செல்லப்பன் காருக்கு நடந்தார். கதவைத் திறந்தார், உட்காரவில்லை. ஷாமளா மறுபக்கக் கதவருகே வந்து நின்றாள்.

"திங்கக்கிழமை மறுபடியும் சவாரிதான, மாமா?"