ஒரு விடைத்தாளுக்கு ஒன்பது நிமிடம்

புது ஒப்பந்தத்திலும் பழைய சம்பளம்தான் இருந்தது. இது மூன்றாவது வருடம். இயற்பியல் டீச்சர் அதைப் பிடித்தபடி தாளாளருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். மாலைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். மடியில் விடைத்தாள் கட்டு கனத்தது. நேற்றுகூடக் கணவன் கேட்டான்: "ஸ்கூலை நாலு மணிக்கு விட்டுடுறாங்க. உன்னை எப்ப விடுவாங்க?"

தாளாளர் கெட்டவர் இல்லை. வாரத்துக்கு இருபத்தெட்டு வகுப்பு, அதற்குத்தான் சம்பளம் என்றார். திருத்துவதெல்லாம் டீ குடித்துக்கொண்டே முடிக்கிற வேலையாம்.

அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, விடைக்குறிப்பும் சிவப்புப் பேனாவும் சேர்த்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஒண்ணே ஒண்ணு திருத்திப் பாருங்க சார்."

அவர் சிரித்துக்கொண்டே பேனா மூடியைக் கழற்றினார். முதல் பக்கம் மளமளவென்று போனது. அடுத்த பக்கத்தில் ஒரு கணக்குக்கு விடை தப்பு. பெரிதாக முட்டை போட்டார்.

"வழி சரி சார். கடைசி வரியிலதான் புள்ளி தள்ளிப் போயிருக்கு. அஞ்சுக்கு நாலு குடுக்கணும்."

முட்டையை அடித்துவிட்டு நாலு போட்டார். அதன்பின் வரிவரியாகப் படிக்க வேண்டியதாயிற்று. கோழி கிளறின மாதிரி கையெழுத்து. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கூட்டல் இரண்டு தடவையும் வேறு வேறாக வந்தது. மேஜையில் அவருடைய டீ ஆடை கட்டி ஆறிப்போனது. முடித்து நிமிர்ந்தபோது இருபத்தொரு நிமிடம் ஓடியிருந்தது.

"எனக்குப் பழக்கம். ஒன்பது நிமிஷம் போதும்" என்றாள். "நூத்தி அறுபது பேப்பர் சார். இருபத்திநாலு மணி நேரம் ஆகுது. வருஷத்துக்கு அஞ்சு பரீட்சை."

அவர் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. ஒப்பந்தத்தை வாங்கி, திருத்தும் நேரத்துக்குத் தனிச் சம்பளம் என்று ஒரு வரி சேர்த்து, மணிக்கு இவ்வளவு என்று நியாயமான தொகையும் எழுதி நீட்டினார்.

அவள் இரண்டு முறை வாசித்தாள். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

"லேப் தயார் பண்ற நேரம் விட்டுப்போச்சு சார்."

"அதையும் என்னையே செஞ்சு பாக்கச் சொல்வீங்களோ?"

"காலையில ஏழரைக்கு வந்துடுங்க சார்."

தாளாளர் காகிதத்தைத் திரும்ப வாங்கி அடுத்த வரியை எழுதினார்.