கமாண்டர் எப்படித் தப்பிப்பார்

கடைக்காரர் நீட்டிய காமிக்ஸ் புத்தகத்தை வாங்கியதும் ஃபிட்டர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தார். எதையும் அடியிலிருந்து பார்ப்பதுதான் அவர் வழக்கம். தக்காளிக் கூடையானாலும் அப்படித்தான், பம்ப் ஹவுஸில் வால்வு கழற்றினாலும் அப்படித்தான். மேலே இருப்பதை நம்பி ஏமாந்தவர்களை அவர் நிறையப் பார்த்துவிட்டார்.

"என்ன பெரியவரே, பக்கம் கொறையுதான்னு பாக்குறீங்களா?"

"கொறஞ்சா நீ ஒட்டித் தருவியா?"

கடைக்காரர் சிரித்தார். "ஒங்க தம்பி எப்படி இருக்காரு? கட்டப் பிரிச்ச ஒடனே மொதல் புத்தகம் அவருக்குத்தான் எடுத்து வைப்பேன். முனை மடங்கியிருந்தா வாங்க மாட்டாரு மனுஷன்."

"இருக்கான்," என்றார் ஃபிட்டர். அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது? பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

கடைசிப் பக்கம் முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரு ஹெல்மெட் மிதந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் விரிசல். உள்ளே ஒன்றுமில்லை. அடியில் பெரிய பெரிய எழுத்து. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். 'கமாண்டர் இனி இல்லை.'

சந்தேகத்துக்கு முன்பக்கங்களையும் புரட்டினார். எழுத்து படிக்க நேரம் பிடிக்கும், படம் பார்க்க என்ன? தாடையில் வெட்டுத் தழும்புள்ள ஓர் ஆள், விண்வெளிக் கப்பலை விட்டு வெளியே, அந்தரத்தில் தொங்குகிறான். இடுப்புக் கயிறு அறுந்துவிட்டது. காற்றுக் குழாயும் பிய்ந்துவிட்டது. ஒரு கட்டம் முழுக்க, காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஒரே ஒரு கேஜ். முள் சிவப்புக்கும் கீழே கிடந்தது. ஃபிட்டருக்குக் கதை தெரியாது, கேஜ் தெரியும். ஆயுசு பூராவும் அந்த முள்ளைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவர். முள் அங்கே போய்விட்டால் போனதுதான்.

மூக்கில் குழாய் மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருக்கிற தம்பியிடம் இதைக் கொண்டுபோய்க் கொடுப்பதா?

காலையில் தம்பி மகள் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். முப்பது வயதாகியும் அவளை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். துணிக் கம்பெனியில் தையல் வேலை. லீவு கேட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள். "பெரியப்பா, இன்னிக்கு காமிக்ஸ் வந்துடும். மறக்காம வாங்கிட்டு வந்துடுங்க. இனி கையில ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னது ஒங்களுக்கே தெரியும். அப்பா ஒரு மாசமா அதுக்குத்தான் உயிரப் புடிச்சிட்டு உக்காந்திருக்காரு."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஃபிட்டர் புத்தகத்தைச் சுருட்டி, சட்டைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டார்.

மாடியில் ஒரே அறை. ஆக்ஸிஜன் மெஷின் மூலையில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொள்ள வந்திருந்த பக்கத்து வீட்டம்மா எழுந்து போனாள். தம்பி தலையணையில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்துச்சாண்ணே?"

"வரல."

"வரலையா?"

"லாரி வரலையாம். நாளைக்கோ நாளன்னிக்கோ."

தம்பி மேற்கொண்டு கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் நம்புவான். சின்ன வயதிலிருந்தே அப்படி. ஊரில் எவனையும் நம்பாத ஃபிட்டருக்கு இப்படி ஒரு தம்பி.

"நாளன்னிக்கா," என்றான் தம்பி. பேச்சுக்கு நடுவே மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. "நாளன்னிக்கு நான் இருக்கணுமே."

"வாய மூடுறா."

"மூடிட்டா மூச்சு விட முடியலண்ணே."

ஃபிட்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தம்பி லிப்ட் ஓட்டியபோது உட்கார்ந்த ஸ்டூல் அது. எட்டு மாடிக் கட்டடம். ரிட்டயர் ஆனபோது கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். குனியும்போதெல்லாம் புத்தகத்தின் முனை அவர் வயிற்றில் குத்தியது.

"அப்படி என்னதான்டா இருக்கு அதுல? எட்டு மாடிக்கு மேல போகாத பய நீ. மாசாமாசம் காசு குடுத்து பொய் வாங்குற. அதுவும் கலர்ல."

பலமுறை கேட்ட கேள்விதான். தம்பி எப்போதும் சிரித்து மழுப்பிவிடுவான். இன்றைக்குப் பதில் சொன்னான்.

"லிப்டுல ஏறுவாங்கல்ல, ஒருத்தி அழுதுட்டே ஏறுவா. அஞ்சுன்னு சொல்லுவா. அஞ்சுல எறக்கி விடுவேன். அப்புறம் அவளுக்கு என்னாச்சு? தெரியாது. ரெண்டு பேரு சண்ட போட்டுட்டே ஏறுவானுங்க. ரொம்ப முக்கியமான எடத்துல மாடி வந்துடும். கதவத் தொறந்துதான ஆகணும்? எல்லாரும் நடுவுலயே எறங்கிடுவாங்கண்ணே. இதுல அப்படி இல்ல. கடைசி வரைக்கும் கூடவே போலாம்."

சொல்லி முடிக்கப் பாதி மூச்சு போய்விட்டது. ஃபிட்டர் தண்ணீர் கொடுத்தார். உதட்டை நனைத்துக்கொண்டான்.

"ஆனா நான் கண்டுபுடிச்சுட்டேன்."

"என்னத்த?"

"கமாண்டரு எப்படித் தப்பிப்பாருன்னு. போன மாசம் கயிறு அறுந்த எடத்துல 'தொடரும்'னு போட்டு நிறுத்திட்டான்ல." அவன் கண்ணில் ஒரு திருட்டுக் களை வந்தது. "எதிரி கப்பல்ல குப்ப தள்ற கதவு ஒண்ணு இருக்கு. ரொம்ப நாளுக்கு முன்னாடி ஒரு ஓரத்துல சின்னதா வரைஞ்சிருந்தான். சும்மா வரைய மாட்டாண்ணே. கமாண்டரு அதுவழியா பூந்துருவாரு. உள்ள போயி, போட்டிருக்கற விண்வெளி சூட்டக் கழட்டி வெளிய தள்ளிடுவாரு. செத்துட்டான்னு அவனுங்க கொண்டாடுவானுங்க. இவரு அவனுங்க கப்பல்லயே உக்காந்திருப்பாரு. குப்பைக்கு நடுவுல."

"நாறாது?"

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. முதுகைத் தடவிக்கொண்டே ஃபிட்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பாவி, என்னென்ன கோட்டை கட்டி வைத்திருக்கிறான். கதவாம், குப்பையாம். முள் கீழே போனதை இவனிடம் யார் போய்ச் சொல்வது?

"யாருகிட்டயும் சொல்லாதண்ணே," என்றான் தம்பி. "பாப்பாகிட்டகூட சொல்லல. புத்தகம் வரட்டும், சரியா இருந்தா அப்புறம் சொல்லிக்கலாம்."

வெயில் கட்டிலை விட்டு இறங்கிச் சுவருக்குப் போன நேரத்தில் தம்பியின் பேச்சு குறைந்தது. கண்ணை மூடினான், திறந்தான். விரல் நுனிகள் நீலம் பாரித்தன. ஃபிட்டர் கீழே ஓடி மருந்துக்கடையிலிருந்து டாக்டருக்குப் போன் போடச் சொன்னார். டாக்டர் சொன்னதையே திரும்பச் சொன்னார். பாப்பாவுக்கும் போன் போடச் சொல்லிவிட்டு ஃபிட்டர் மூச்சிரைக்க மாடி ஏறினார்.

"அண்ணே."

"இருக்கேன்டா."

"நெஜமாவே வரலையா?"

ஃபிட்டரின் கை சட்டைக்குள் போனது. அட்டை வியர்வையில் பிசுபிசுத்தது. எடுத்தால் இவன் கடைசிப் பக்கத்துக்குப் போகாமல் விடமாட்டான். கடைசியாகப் பார்ப்பது அந்தக் காலி ஹெல்மெட்டாகத்தான் இருக்கும். கையை வெளியே எடுத்துத் தம்பியின் நெற்றியில் வைத்தார்.

"வரலன்னு சொன்னேன்ல."

"சரி," என்றான் தம்பி.

கொஞ்ச நேரம் நெஞ்சு ஏறி இறங்கியது. அப்புறம் ஏறவில்லை. மெஷினில் காற்றைக் காட்டும் சின்னக் குண்டு, இருக்க வேண்டிய கோட்டில் சரியாக நின்றது. ஃபிட்டர் போய் அதன் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். மறுபடியும் தட்டினார். மெஷினில் ஒரு பழுதும் இல்லை.

பாப்பா வந்தபோது அவர் மெஷினை நிறுத்தியிருந்தார். அவள் அழுதாள். அவர் அழவில்லை. ஆள் அனுப்பினார், நாற்காலி வாடகைக்கு எடுத்தார், வண்டிக்குச் சொன்னார். யார் என்ன கேட்டாலும் வெடுக்கென்று பதில் சொன்னார். சட்டையை மட்டும் கழற்றவில்லை.

மறுநாள் காலையில் தம்பியைக் கட்டிலிலிருந்து பெஞ்சுக்கு மாற்றக் கைகொடுத்தார்கள். ஃபிட்டர் தலைப்பக்கம் பிடித்தார். குனிந்து தூக்கியபோது இடுப்பிலிருந்து புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது.

தூக்க வந்தவர்கள் கவனிக்கவில்லை. வேலை முடிந்ததும் கீழே போய்விட்டார்கள். பாப்பா குனிந்து எடுத்தாள். அட்டை கசங்கி, மேலே இருந்த கமாண்டரின் முகத்தில் சாயம் கரைந்திருந்தது.

"வந்துருச்சா?" என்றாள். அப்புறம், "எப்ப வாங்குனீங்க?"

"நேத்து."

"காலையிலயா?"

ஃபிட்டர் தலையை மட்டும் அசைத்தார்.

"அப்பாகிட்ட..."

"அந்தாளு செத்துட்டாம்மா. கடைசில போட்டிருக்கான். காத்து இல்லாம. ஒங்கப்பன் இருந்த இருப்புல அத எப்படிக் காட்டுறது? லாரி வரலன்னு சொல்லிட்டேன்."

பாப்பா கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கமாண்டர் சாக மாட்டாரு பெரியப்பா."

"போட்டிருக்கேம்மா. படிச்சுப் பாத்தேன்."

"போடுவாங்க. எத்தன தடவ செத்திருக்காரு. எரிமலைல விழுந்திருக்காரு, ஐஸ்ல பொதைஞ்சிருக்காரு. பொணத்தக் காட்டாத வரைக்கும் ஆள் சாகலன்னு அர்த்தம். படிக்கறவங்க எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரியாதா? சாவாரா பொழைப்பாரான்னு யாரு பாக்குறா, எப்படித் தப்பிக்கறாருன்னுதான..."

பெஞ்சில் கிடந்த அப்பாவின் மேல் பார்வை போனதும் அவள் நிறுத்திக்கொண்டாள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திட்டியிருந்தால்கூட ஃபிட்டர் பதிலுக்குக் கத்தியிருப்பார், அவருக்கு அது சுலபம். அவள் கேட்கவில்லை. முந்தானையால் அட்டையின் ஈரத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சாயம் இன்னும் பரவியது.

ஃபிட்டர் குனிந்து அவள் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். கறுப்பு. ஹெல்மெட். விரிசல்.

"இதுக்குள்ள ஏன்மா ஒண்ணும் இல்ல?"

"அதான் நானும் பாக்குறேன்."

"சூட்டக் கழட்டி வெளிய தள்ளிட்டா இப்படித்தான் இருக்குமா?"

பாப்பா நிமிர்ந்தாள். "யாரு சொன்னா?"

ஃபிட்டர் வாயைத் திறந்தார். கீழே ஹாரன் கேட்டது. வண்டி வந்துவிட்டது என்று யாரோ படியிலிருந்து குரல் கொடுத்தார்கள். பாப்பா புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு அப்பாவின் தலைமாட்டுக்குப் போனாள்.

வண்டியின் பின்பக்கம் தம்பியோடு பாப்பாவும் உறவுக்காரர்களும் ஏறினார்கள். ஃபிட்டர் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தார். இடுப்பில் செருக மனமில்லாமல் புத்தகத்தை மடியில் வைத்திருந்தார். ஓட்டுநருக்கு நாற்பது வயது இருக்கும். முகம் கழுவி, தலை வாரி, ஆபீசுக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். தெருமுனை திரும்பும்போது அவர் கண் மடிக்குப் போனது. ரோட்டுக்கு வந்தது. மறுபடியும் மடிக்குப் போனது.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இது இந்த மாசத்துதா?"

"ஆமா."

"எங்க பக்கம் இன்னும் வரல. லாரி வரலன்னு சொல்லிட்டான்."

ஃபிட்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். விளையாடுகிறானா என்று பார்த்தார். அந்த முகத்தில் விளையாட்டு இல்லை.

"கமாண்டரு என்ன ஆனாரு?" என்று கேட்டவர், உடனே, "வேணாம், வேணாம். சொல்லிடாதீங்க," என்றார். சிக்னலில் நின்றார்கள். ஓட்டுநர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார். "செத்துட்டாருன்னு போட்டிருப்பானுங்களே?"

"போட்டிருக்கு."

ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்த பிறகுதான் பின்னால் என்ன இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது போலும். முகம் சுருங்கிப்போய், "மன்னிச்சுக்கங்கய்யா," என்றார்.

பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்தது. இரண்டு கடைகள் தாண்டிப் போயின. முதுகுக்குப் பின்னால் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெஞ்சு ஒருமுறை குலுங்கியது. ஃபிட்டர் தொண்டையைச் செருமினார்.

"எதிரி கப்பல்ல குப்ப தள்ற கதவு ஒண்ணு இருக்கு."

"கதவா?"

"ஓரத்துல. சின்னதா வரைஞ்சிருந்தான். ரொம்ப நாளுக்கு முன்னாடி."

"நான் கவனிக்கலையே!"

"சும்மா வரைய மாட்டான்," என்றார் ஃபிட்டர். சொல்லிவிட்டுக் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அதுவழியா உள்ள பூந்தாருன்னு வையி..."

ஓட்டுநர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பின்னால் ஒரு லாரி பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது. அவர் காதை ஃபிட்டர் பக்கம் சாய்த்தபடியே கையை வெளியே நீட்டி, முந்திக்கொண்டு போகச் சொல்லிக் காட்டினார்.