ராஜ்குமார் வாங்கி வந்த ரோஜா

கல்யாணமான நாலாம் மாதம் ராஜ்குமார் அந்த ரோஜாச் செடியை ஆலங்காயத்து நர்சரியிலிருந்து வாங்கி, பைக்கின் டேங்க் மேல் வைத்து, ஒரு கையால் அணைத்துக்கொண்டே மலையேறி வந்தான். காவலூர் வானாய்வகத்தில் அவனுக்குத் தோட்ட வேலை, கான்ட்ராக்டில். செடி கொடியென்றால் அவன் கைக்குத் தானாக வரும்.

"இதுக்குப் பேரு ஹைப்ரிட் டீ" என்றான் பெண்டாட்டியிடம்.

"டீயா? அப்ப பாலு, சக்கரையெல்லாம் போடணுமா?" என்று ரேணுகாதேவி கேட்க, அவன் அம்மா சுந்தரம்மாளும் சேர்ந்து சிரித்தாள். அவள் புருஷன் போனபிறகு அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குழி எடுத்து, ஆட்டு எருவும் செம்மண்ணும் கலந்து நட்டான். கார்த்திகையில் முதல் பூ வந்தது. ஒரு காம்புக்கு ஒரே பூ. உள்ளங்கையை நிறைக்கிற அளவு, அடர்ந்த சிவப்பு. வாசனை மட்டும் சொல்லி முடியாது. காலையில் கதவைத் திறந்தால் அதுதான் முதலில் உள்ளே வரும். ரேணுகாதேவி அதைப் பறிக்கவே விடவில்லை. சாமை வயலுக்குப் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, குனிந்து மோந்துவிட்டுத்தான் போவாள்.

அடுத்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. செடியின் இலைகளில் கரும்புள்ளி விழுந்து மஞ்சளாக உதிர்ந்தன. "ஆலங்காயத்துல மருந்து கிடைக்கும், மழை விட்டதும் வாங்கியாந்து அடிக்கலாம்" என்று ராஜ்குமார் சொல்லியிருந்தான். மழை விடுவதற்குள் ஒரு சனிக்கிழமை அவன் கிளம்பிப் போனான். திரும்பும்போது மலைப்பாதையில், மூன்றாவது வளைவில், மண் சரிந்து கிடந்த இடத்தில் பைக் வழுக்கிற்று. பின்னால் வந்த பஸ்காரர்கள்தான் பார்த்துத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உயிர் தங்கவில்லை.

மூன்றாம் நாள், உறவுக்காரர்கள் நிறைந்திருந்த வீட்டில், "இந்த மழையில அவன் எதுக்குக் கீழ போனான்?" என்று யாரோ ஒருத்தி கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

சுந்தரம்மாள் தலையைத் தூக்கினாள். "எதுக்குப் போனான்? இதோ, இவளோட ரோஜாச் செடிக்கு மருந்து வாங்கத்தான் போனான் என் புள்ள."

எல்லோரும் ரேணுகாதேவியைப் பார்த்தார்கள். அவள் முட்டியைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். காரியம் முடிந்த மறுநாள் அவளுடைய அப்பா ஜமுனாமரத்தூரிலிருந்து வந்து அழைத்துப் போனார். கிளம்பும்போது அவள் "வர்றேன் அத்தே" என்றாள். சுந்தரம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை நடந்தது வேறு. சுந்தரம்மாளின் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. இங்கே ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரை ஒத்துக்கொள்ளாததால் ஆலங்காயத்து டாக்டர் எழுதியதைத்தான் அவள் போட்டுவந்தாள். "திங்கக்கிழம போறேம்மா, மழையப் பாரு" என்று ராஜ்குமார் சொன்னான். "அதுக்குள்ள நான் செத்தா உனக்கு வசதியா?" என்று அவள் கேட்டாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ரேணுகாதேவி அப்போது வயலில் இருந்தாள். வீட்டில் அம்மாவும் மகனும் தவிர வேறு யாரும் இல்லை.

ஒன்றரை வருஷத்துக்கு மேல் அந்தச் செடிப் பக்கம் சுந்தரம்மாள் போகவில்லை. ஆடு வந்து கடித்தது. கோடையில் காய்ந்து வெறும் குச்சியாக நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு திருப்தி வருவதும், அந்தத் திருப்திக்காகத் தன்னையே வெறுப்பதுமாக அவள் நாட்கள் கழிந்தன.

பிறகு ஒரு காலை, முதல் மழைக்கு அடுத்த நாள், செடியின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு சிவந்த தளிர் நிற்பதைக் கண்டாள். அப்படியே தொட்டிக்கரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. மகன் செத்த அன்றுகூட அப்படி அழுததில்லை.

அன்றிலிருந்து அவள் ஆளே மாறிப்போனாள். முள் வெட்டிவந்து சுற்றிலும் வேலி கட்டினாள். சாணத்தைக் கரைத்து ஊற்றினாள். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டாள். தளிர் மளமளவென்று ஏறியது. இரண்டே மாதத்தில் ஆள் உயரம் வந்து, வளைந்து, தொட்டியின்மேல் சாய்ந்தது. முன்பு இத்தனை வேகம் அதற்கு இருந்ததில்லை. பழைய குச்சி கறுத்துப் போயிருந்தது. அது கிடக்கட்டும், புதுக்கிளை வந்துவிட்டதே என்று நினைத்தாள்.

நுனியில் கொத்தாக மொட்டுகள் வந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் ரேணுகாதேவிக்கு நம்பர் போடச் சொன்னாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"ரேணுகா, உன் ரோஜா மொட்டு வெச்சிருக்குதும்மா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது. பிறகு, "ஞாயித்துக்கிழம வர்றேன் அத்தே" என்று கேட்டது.

சனிக்கிழமை பூக்கள் விரிந்தன. சின்னச் சின்னதாக, அஞ்சே இதழ், வெளிறிய ரோஸ் நிறம். சுந்தரம்மாள் ஒரு பூவைப் பிடித்து இதழ்களை எண்ணினாள். குனிந்து மோந்து பார்த்தாள். பச்சிலை வாடைதான் அடித்தது. காய்ந்து பிழைத்த செடி, சத்து இல்லை, அடுத்த தடவை சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ரேணுகாதேவி பதினோரு மணி பஸ்ஸில் வந்தாள். இளைத்திருந்தாள். ஜமுனாமரத்தூரில் ஒரு தையல் கடையில் வேலை என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் செடியிடம் போனாள். பூவைப் பார்த்தாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மண்டியிட்டு அடிமண்ணை விரலால் ஒதுக்கினாள்.

"அத்தே" என்றாள் மெதுவாக. "இது அந்தச் செடி இல்ல."

"அதே எடத்துலதானேம்மா வந்துச்சு?"

"ரோஜாவ ஒட்டுக் கட்டித்தான் விப்பாங்க. அடியில இருக்கறது காட்டு ரோஜா, மேல இருக்கறதுதான் நம்ம பூ. இதோ, இந்த முண்டுதான் ஒட்டு. இதுக்குக் கீழ கிளம்பறதை உடனே கிள்ளிடணும்னு அவரு சொல்லியிருக்காரு. இல்லன்னா சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கும்." அவள் கறுத்த குச்சியை நகத்தால் சுரண்டினாள். உள்ளே பச்சை இல்லை. இன்னும் கீழே, முண்டுக்குப் பக்கத்தில் சுரண்டினாள். அங்கே மட்டும் தோலுக்கு அடியில் ஈரம் ஒட்டியிருந்தது. "நம்ம செடி ஒரு மாசம் முன்னாடி வரைக்கும் உசுரோட இருந்திருக்குது போல."

சுந்தரம்மாள் அவள் பக்கத்தில் குந்தி அந்தக் குச்சியைத் தொட்டாள்.

"நான்தான் கொன்னுட்டேன்."

"தெரியாமத்தானே செஞ்சீங்க. விடுங்க."

"செடியச் சொல்லலடி. அன்னிக்கு அவன் உன் மருந்துக்குப் போகல. என் மாத்திரைக்குத்தான் போனான். திங்கக்கிழம போறேன்னான். நான்தான் பேசக்கூடாததைப் பேசித் துரத்துனேன். அத்தன பேரு முன்னால உன்மேல போட்டேன். நீ போய்ட்டா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

ரேணுகாதேவி கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டி முடிந்த பிறகும் தட்டிக்கொண்டேயிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"இன்னாது?"

"கீழ போனதும் போன் பண்ணாரு. அம்மா மாத்திரை வாங்கிட்டேன், செடிக்கு மருந்து விக்கற கடை பூட்டியிருக்குது, நான் கிளம்பறேன்னாரு. அதான் கடைசியாப் பேசுனது."

"தெரிஞ்சும் ஏண்டி வாயத் தொறக்கல?"

"தொறக்கலாம்னுதான் இருந்தேன். அன்னிக்கு நீங்க கிடந்த கிடப்பப் பாத்தேன். சொன்னா நீங்களும் போய்டுவீங்கன்னு பட்டுது. அப்புறம் கோவம் வந்துச்சு அத்தே. ரொம்ப வந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்குது."

சுந்தரம்மாள் அவள் காலைப் பிடிக்கப் போனாள். ரேணுகாதேவி சட்டென்று பின்வாங்கி, குனிந்து, அவள் இரண்டு கையையும் பிடித்து எழுப்பினாள். இருவரும் உள்ளே போனார்கள். சுந்தரம்மாள் சோறு போட, ரேணுகாதேவி சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துதான் அதைச் சொன்னாள்.

"அப்பா எனக்கு வேற எடம் பாத்திருக்காரு. மாப்பிள்ளைக்கும் மொதல் சம்சாரம் உசுரோட இல்ல. வர்ற வெள்ளிக்கிழம கல்யாணம், எங்க ஊரு கோயில்லதான். உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்களே கூப்பிட்டீங்க."

சுந்தரம்மாள் சோற்றுப் பானையை மூடிவைத்தாள். பிறகு, "நல்லதும்மா. நல்லதுதான். சின்னப் பொண்ணு நீ" என்றாள். அதற்குப் பிறகு, "நான் வரட்டுமா?" என்றும் கேட்டுவிட்டாள்.

ரேணுகாதேவி முந்தானை நுனியைத் திருகினாள். "வேணாம் அத்தே. அவங்க வூட்டுல ஒரு மாதிரியா நெனப்பாங்க."

"ஆமாமா. அதுவும் சரிதான்."

மூன்று மணி பஸ்ஸுக்குச் சாலைவரை சுந்தரம்மாள் கூடவே போனாள். ஒரு பையில் புளியும் இரண்டு படி சாமையும் கட்டிக் கொடுத்தாள். ரேணுகாதேவி மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். பஸ் வளைவில் திரும்பும்வரை ஜன்னலில் அவள் கை தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சுந்தரம்மாள் விடியுமுன் எழுந்து தலைக்குக் குளித்தாள். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்க மறந்துவிட்டிருந்தாள். அதனால் விளக்கை ஏற்றி, அணையாமல் எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தாள். இப்போது மேளம் கொட்டியிருக்கும், இப்போது தாலி ஏறியிருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். நடுவில் ஒருமுறை ராஜ்குமார் கல்யாணத்தன்று உடுத்திய வேட்டியை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உலை வைக்கத் தோன்றவில்லை.

மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண் போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். காதில் வைத்தால் பின்னால் ஒரே கூச்சலும் பாத்திரச் சத்தமுமாக இருந்தது. அதற்கு நடுவே அந்தக் குரல், யாருக்கும் கேட்காதபடி தாழ்ந்து வந்தது.

"அத்தே... சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேம்மா" என்றாள் சுந்தரம்மாள். "வயிறார சாப்ட்டேன். நீ போ, உன்னத் தேடுவாங்க."