நடுவில் ஒரு ஓட்டை

மூன்றாவது தடவையாக அத்தான் அந்தப் படத்தைக் கொண்டுவந்து என் கடை மேசைமேல் போட்டபோது எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். அக்கா வீட்டுக்காரர் என்பதால் அடக்கிக்கொண்டேன். வேறு யாராவது என்றால் வாசலைக் காட்டியிருப்பேன்.

"நடுவுல ஓட்டை மாப்ளே. உன் பிரிண்ட் மிஷின் கேலக்ஸியோட கருவையே முழுங்கிடுது."

படத்தைப் பார்த்தேன். ராத்திரி வானத்தில் அவர் எடுத்த ஆண்ட்ரோமீடா கேலக்ஸி. சாய்த்து வைத்த தட்டு மாதிரி ஒரு வெளிச்சம், அதன் நடுவில் பளிச்சென்று மஞ்சளாகக் கரு. ஓட்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"நல்லாத்தானே இருக்கு அத்தான்?"

"உனக்கு என்ன தெரியும்? இப்படிப் பாரு" என்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டு காட்டினார்.

அது பழைய பழக்கம். பிலிம் காலத்தில் இந்தக் கடை போட்டோ லேப். மாதம் ஒரு ரோலோடு வருவார். கேமரா ஒரு மணி நேரம் திறந்தே கிடக்கும். பூமி சுற்றுகிறதே, படம் இழுபடக் கூடாதே என்று, பக்கத்தில் கட்டிய சின்னத் தொலைநோக்கியில் வலது கண்ணை ஒட்டி, ஒரு நட்சத்திரத்தை, உள்ளே தெரியும் இரண்டு சிவப்புக் கம்பிகள் குறுக்கே வெட்டும் இடத்திலேயே நிறுத்தி, திருகைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் தும்மினால் எல்லாம் போச்சு. முப்பத்தாறு படத்தில் இரண்டு தேறும். நான் இருட்டறையில் கழுவும்போது, பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற புருஷன் மாதிரி வாசலில் நடைபோடுவார்.

பிறகு டிஜிட்டல் வந்தது. என் இருட்டறை பழைய பேப்பர் போடுகிற இடமானது. அத்தானின் தொலைநோக்கியைக் கம்ப்யூட்டர் ஓட்ட ஆரம்பித்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தால் போதும். "இப்பல்லாம் என் கண்ணுக்கு வேலையே இல்ல மாப்ளே" என்று பெருமையாகச் சொல்வார்.

இன்னொரு பழக்கமும் அவரிடம் உண்டு. மங்கலான கேலக்ஸியை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், சற்றுத் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும் என்பார். முப்பது வருஷம் அப்படியே பார்த்துப் பார்த்து, நம்மோடு பேசும்போதும் நம் காதைப் பார்த்துத்தான் பேசுவார். வீட்டில் அது பெரிய கேலி. "கல்யாண போட்டோலகூட மனுஷன் என் காதைத்தான் பாத்துட்டிருக்காரு" என்பாள் அக்கா.

அவர் வேலை பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. இருபத்தாறு வருஷம், ஒரு கீறல் கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவார் என்று பேர். என் மகள் மூன்றாம் வகுப்பு; அந்த பஸ்ஸில்தான் போய்வருகிறாள்.

கீறல் கிடையாது என்றேன். அன்று கடைக்கு எதிரே நின்ற பஸ்ஸின் முன்பக்கம், நட்டநடுவில், உள்ளே நெளிந்திருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"டிப்போ வாசல்ல எவனோ கம்பத்தை நட்டுவச்சிருக்கான். நேத்து இல்லவே இல்ல அது" என்றார் எரிச்சலாக.

அந்த டிப்போ வழியாகத்தான் நான் தினமும் வருகிறேன். அந்தக் கம்பம் துருப்பிடித்து எத்தனையோ காலமாக அங்கேயே நிற்கிறது. எனக்கு ஏதோ நெருடியது. ஆனால் படத்தைப் பற்றிய கோபத்தில் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். பள்ளி அடையாள அட்டைக்காகக் காலையில் எடுத்த என் மகளின் போட்டோ திரையில் திறந்திருந்தது. எனக்குக் குறும்பு தலைக்கேறியது. அவள் முகத்தை வெட்டி, ஆண்ட்ரோமீடாவின் கருமேல் ஒட்டினேன். எலுமிச்சம்பழ அளவு. பல் விழுந்த சிரிப்போடு பிரபஞ்சத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அச்சுப் போட்டு எடுத்துவந்தேன்.

"இப்பப் பாருங்க."

இடது கண்ணைப் பொத்தினார். கைநீட்டுத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன்.

"ம்ஹூம். அதே ஓட்டை."

நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். "ரெண்டு கண்ணாலயும் பாருங்க அத்தான்."

கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். "இப்பவும்தான். உன் மேல தப்பில்ல போலிருக்கு, கேமராலயே ஏதோ போயிடுச்சு." கைக்கடிகாரத்தை முகத்துக்குப் பக்கவாட்டில் தூக்கிப் பார்த்தார். "அய்யய்யோ, ஸ்கூல் விட்டிருப்பாங்க."

பஸ் கிளம்பிப் போனது. எப்படி ஏமாந்தார் பார் என்று நான் தனியாகச் சிரித்தேன். படத்தில் என் மகளும் சிரித்தாள். அப்போதுதான் என் சிரிப்பு நின்றது. அவர் தூக்கி வளர்த்த பிள்ளையின் முகம். பார்த்திருந்தால் அந்த மனிதரால் சிரிக்காமல் இருந்திருக்க முடியாது. தள்ளித் தள்ளியே பார்த்துப் பழகியவருக்கு, இரண்டு கண்ணிலும் நேராகப் பார்க்கிற இடம் காணாமல்போனதே தெரியவில்லை. ஓட்டை படத்தில் இல்லை.

நெளிந்த பஸ் கண்முன் வந்தது. அதோடு மகள் ஒருநாள் சாப்பிடும்போது சொன்ன ஒரு விஷயமும் வந்தது.

"அப்பா, மாமா பஸ்ஸுக்கு முன்னாடி நேரா நின்னு நாக்கை நீட்டினா திட்டவே மாட்டாரு. ஓரமா நின்னாத்தான் திட்டுவாரு. வண்டி நகர்ற வரைக்கும் நின்னுட்டு யாரு ஓடி ஏறறாங்களோ அவங்கதான் ஜெயிச்சாங்க. இந்த வருஷம் தினமும் நான்தான்!"

மாமா ரொம்பத்தான் செல்லம் கொடுக்கிறார் என்று அன்று சிரித்தவன் நான்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடவே மாட்டார், அவ்வளவு ஒழுங்கு. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். வழியில் இரண்டு சிக்னல். இரண்டிலும் நிற்கவில்லை. யார் யாரோ திட்டினார்கள்.

பள்ளி வாசலில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மற்ற பிள்ளைகள் எல்லாரும் ஏறியாகிவிட்டது. ஜன்னல்களில் பிள்ளைகள் தலையை நீட்டி "பதினெட்டு, பத்தொம்பது" என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்குப் பத்தடி முன்னால், நட்டநடுவில், என் மகள் காதில் கைவைத்து நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் உதவிக்கு வருகிற ஆயாம்மா, ஏறாமல் ஒன்று மிச்சமிருப்பது தெரியாமல், பின்கதவைத் தட்டி "போலாம்!" என்றார்.

ஸ்கூட்டரை அப்படியே சாய்த்துவிட்டு ஓடி, ஓட்டுநர் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருகிப் பிடுங்கினேன். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"டேய், பைத்தியமா உனக்கு? வண்டில பசங்க இருக்காங்கடா!"

"அத்தான், முன்னாடி யாரு நிக்கறா?"

நேராகப் பார்த்தார். "யாரு நிக்கறா? ரோடுதான் காலியா இருக்கு."

"கேலக்ஸி பாக்கற மாதிரி பாருங்க" என்றேன்.

முறைத்தார். பிறகு, பார்வையை மெல்ல வாசல் தூண் பக்கம் நகர்த்தினார். நகர்த்தியவர் அப்படியே உறைந்துபோனார். மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்து என் மகள் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"நம்ம பாப்பா..." என்றார். "எப்பலேருந்துடா அங்க நிக்கறா?"

"ஸ்கூல் தொறந்த நாள்லேருந்து அத்தான்" என்றேன்.