தங்க மாதிரியும் நாலாயிரத்து இருநூறு லேபிள்களும்

2006 ஆகஸ்ட் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகாலுக்கு, குயிஷானில் ஆற்றை ஒட்டி இருந்த மானிட்டர் ஆலையில் நாலாயிரத்து இருநூறு பச்சை லேபிள்கள் ஒட்டிய இடத்திலிருந்து தாமாகவே உரிந்து, தரையில் இறங்கி, வரிசையாகப் படியேறி மூன்றாவது மாடிக்குப் போயின. அவற்றுக்கு அவசரம் எதுவும் இல்லை. ஒரு படிக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டன. பசைப்பக்கம் கீழே இருந்ததால் போன வழியெல்லாம் நத்தை ஊர்ந்தது போல ஒரு வழவழப்பு நின்றது. தரையில் கிடந்த தலைமயிர், சிகரெட் சாம்பல், செத்த ஈ, யாரோ கடித்துத் துப்பிய நகத்துண்டு, எல்லாவற்றையும் வயிற்றில் அப்பிக்கொண்டே ஏறின. படியோரம் நின்று நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்த லாரிக்காரர் ஒருவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தார். மீதியைப் பிறகு வந்து தின்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த லேபிளில் ஓர் இலைப் படம், அதன் கீழே இந்தக் கருவியில் காரீயம் இல்லை என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஜூலை முதல் தேதியிலிருந்து ஈயம் கலந்த மானிட்டரை உள்ளே விடமாட்டோம் என்று ஐரோப்பாக்காரர்கள் சட்டம் போட்டிருந்தார்கள். அந்த இலை இல்லாமல் கீலுங் துறைமுகத்தில் கப்பல் ஏற்றுவது வீண்வேலை. மூன்றாவது மாடியில் என்ன இருந்தது என்றால், பூட்டிய கண்ணாடி அறையில், ஏசி போட்டு, தங்க மாதிரி இருந்தது. பெயர்தான் தங்கம். சான்று தரும் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவதற்கென்று எங்கள் பக்கத்து ஆலைகள் ஒரே ஒரு மானிட்டரைத் தனியாகக் கையால் செய்யும். மூத்த பொறியாளர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, சுத்தமான வெள்ளீயக் கம்பியால், ஒன்பது நாள் உட்கார்ந்து இந்த ஒன்றைப் பற்றவைத்தார். அது போய்ப் பரீட்சை எழுதித் தேறி வந்தது. அதற்குப் பிறகு அதன் உடன்பிறப்புகள் எத்தனை லட்சம் வந்தாலும் இலையை ஒட்டிக்கொள்ளலாம். உடன்பிறப்புகளோ கீழ்த்தளத்தில் உலோகம் உருக்கும் தொட்டியிலிருந்து, பழைய ஈயத்தில் முங்கி எழுந்து வந்தன. கிடங்கில் பன்னிரண்டு டன் பழைய ஈயம் இருந்தது. முதலாளி காவ் அதைத் தூக்கிப்போட மனம் வராதவர். இது எல்லோருக்கும் தெரியும். பொதி கட்டும் பிரிவில் இருந்த எனக்கும் தெரியும்.

லேபிள்கள் கண்ணாடிக் கதவின் அடியில் நுழைந்து தங்க மாதிரியின் மேல் ஏறி ஒட்டிக்கொண்டன. மதியத்துக்குள் திரை மறைந்து, பொத்தான் மறைந்து, அது மீன் செதிள் அப்பிய பெரிய கட்டி போல ஆயிற்று. அன்று பிற்பகல் ஒட்டியவையும் மறுநாள் காலை படியில் இருந்தன. ஆலைக்காரர்கள் முதலில் செய்த காரியம், இயந்திரங்கள் அடம்பிடிக்காமல் இருக்க ஒவ்வொன்றின் தலையிலும் வைத்திருக்கும் பச்சைப் பொட்டலத் தேங்காய்ப் பொரியின் காலாவதித் தேதியைப் பார்த்தது. பதினொரு பொட்டலம் காலாவதி. அதனால்தான் என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். புதுப் பொட்டலம் வைத்தும் லேபிள்கள் நடந்தன. அடுத்து, இது செத்தவர்கள் ஊர்சுற்ற வரும் பேய் மாதமாயிற்றே என்று ஒருவர் சொல்ல, முற்றத்தில் மேசை போட்டு முழுக் கோழி, பன்றித் தொடை, பழம், டின் பானம் எல்லாம் படைத்தார்கள். பேய்கள் முகம் கழுவ அலுமினியத் தட்டில் தண்ணீரும் துண்டும் வைத்தார்கள். அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில் பேய் மாதம் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தது. ஆகவே இரண்டு மாதமும் பழி செத்தவர்கள் தலையில் விழுந்தது. உயிரோடு இருக்கிறவர்கள் செய்ததற்குச் செத்தவர்களுக்குக் கோழி வைத்து அந்த முற்றத்தில் மன்னிப்புக் கேட்டார்கள்.

லேபிள் ஒட்டும் மேசையில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருந்தவள் லியாவ் பாவ்சாய். நாற்பத்திரண்டு வயது, பெரிய குரல், ஒரு மில்லிமீட்டர் கோணாமல் நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு ஒட்டும் கை. அவள் கணவன் ஆகுன் கீழே உருக்கும் தொட்டியில் வேலை பார்த்தான். தொட்டிக்கு மேலிருந்த புகைக் குழாய் மூன்று வருடமாக ஓட்டை. வசந்த காலத்திலிருந்து ஆகுனுக்கு வயிறு முறுக்கிப் பிடித்தது. வாயில் எந்நேரமும் இரும்பு ருசி. ஜூன் மாதம் அவன் வலது மணிக்கட்டு செத்த வாத்தின் கழுத்துப் போலத் தொங்கிப்போனது. சோற்றுக் குச்சியைப் பிடிக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவ்சாய் அவனை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்தாள்.

“வாயத் தொறய்யா.”

“என்னத்துக்கு? நான் என்ன குதிரையா, பல்லப் பார்த்து வாங்க?”

“வாங்கி இருபது வருசமாச்சு. இப்ப வாரண்டி இருக்கான்னு பாக்குறேன். தொற.”

ஈறும் பல்லும் சேரும் இடத்தில் மை தீட்டியது போல ஒரு நீலக் கோடு ஓடியது. மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஈயம் ஏறியிருக்கிறது, வேலையில் வந்த நோய் என்று விண்ணப்பம் போடுங்கள், வாழ்நாள் முழுக்க வைத்தியம் அரசாங்கம் பார்க்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்த விண்ணப்பம் தேறினால் ஆகுனுக்குச் சிகிச்சை. தேறாவிட்டால் தொங்கும் கையோடு வீட்டில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விண்ணப்பத்துக்கு ஆலை பதில் எழுதியது. எங்கள் ஆலையில் ஈயம் கிடையாது, சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது, ஒவ்வொரு மானிட்டரிலும் அதற்கான லேபிள் உள்ளது, அந்தத் தொழிலாளி நாட்டு மருந்துக்கடைப் பொடி தின்னும் பழக்கம் உள்ளவர், அதில் ஈயம் இருந்திருக்கும் என்று. ஆகுன் இடுப்பு வலிக்கு ஒரு டப்பாப் பொடி தின்பான், அது உண்மை. கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் தரச்சான்றுப் பிரிவின் தலைவர் ஓங் தெங்ஹுய். புருவத்தைக்கூடச் சீவிக்கொள்ளும் ஆள். பாவ்சாய் அந்தக் கடிதத்தோடு அவர் அறைக்குப் போனாள்.

“ஓங் சார், தொட்டியில என்ன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“அக்கா, எனக்குத் தெரிஞ்சது பேப்பர்ல இருக்கிறது மட்டும்தான். லேபிள் ஒட்டுனது யாரு? நானா? ஒங்க கையாலதானே ஒட்டுறீங்க. நீங்க ஒட்டுனது பொய்யின்னா இத்தன நாள் ஏன் ஒட்டுனீங்க?”

சொல்லிவிட்டு அவர் பேரிக்காய்த் துண்டு ஒன்றைக் குச்சியில் குத்தி அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. கீழே வந்து தன் இரண்டு கைகளையும் சோப்பு போட்டுக் கழுவினாள். கழுவின கையாலேயே திரும்ப உட்கார்ந்து ஒட்டினாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்த நாங்கள் யாரும் பக்கத்தில் போகவில்லை. எங்களுக்கும் சம்பளம் அந்த இலையிலிருந்துதான் வந்தது.

லேபிள்களை நிறுத்த ஆலை பாடுபட்டது. ஜப்பானியப் பசை வாங்கினார்கள், பசையையும் இழுத்துக்கொண்டு நடந்தன. சின்ன ஆணி அறைந்தார்கள், கிழிந்துபோய்ப் பாதிப்பாதியாக நடந்தன. மானிட்டரைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றினார்கள். லேபிள்கள் தாளுக்கு அடியில் புழுப்போல நெளிந்து ஒரு மூலையில் குவிந்தன. அப்படியே கப்பலேற்றினார்கள். ராட்டர்டாமில் பெட்டி திறந்தவர்கள் கரப்பான் என்று நினைத்து மருந்து அடித்ததாகக் கேள்வி. கடைசியில் செப்டம்பர் இறுதியில் இலைப் படத்தைப் பிளாஸ்டிக் உறையின் அச்சிலேயே வெட்டி வார்த்துவிட்டார்கள். அது நடக்கவில்லை. பிளாஸ்டிக்குக்கு வெட்கம் கிடையாது. முதலாளி காவ் அந்த மகிழ்ச்சியில் எல்லோருக்கும் இறால் விருந்து வைத்தார். நாங்களும் ஓடுரித்துத் தின்றோம், விரலைச் சப்பினோம்.

பாவ்சாய் விருந்துக்கு வரவில்லை. இனி வேண்டாம் என்று குப்பையில் போட்ட லேபிள் சுருள்களில் ஒன்றை அவள் எடுத்துப் போயிருந்தாள். வீட்டில் சோற்றுப் பானை மேல் ஒன்று ஒட்டினாள், நின்றது. குளிர்பெட்டி மேல் ஒட்டினாள், நின்றது. ஆகுனின் மருந்துப் பொடியைத் தட்டில் கொட்டி அதன் மேலேயே ஒன்றை வைத்தாள். மூன்று நாள், தூசி படியும் வரை, அசையாமல் கிடந்தது. ஆகுன் மேல் ஒட்டிப் பார்க்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. லேபிளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை, நமக்குத்தான் தெரிந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாளாம்.

அக்டோபர் பதினேழாம் தேதி தாவ்யுவான் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. அதிகாரியின் பெயர் துங். மேசையில் வெந்நீர்க் குடுவை, நேராக அடுக்கிய படிவங்கள், பேச்சில் ஏற்ற இறக்கம் இல்லாத மனிதர். ஆலையின் சார்பில் ஓங் வந்திருந்தார். அவர் சான்றிதழை வைத்தார், படங்களை வைத்தார், பொடி டப்பாவை நோக்கி வருத்தத்தோடு விரலைக் காட்டினார். துங் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, உங்கள் தரப்பில் பத்திரம் ஏதும் உண்டா என்று பாவ்சாயைக் கேட்டார். அவள் பையிலிருந்து சுருளை எடுத்தாள்.

“இது அவங்க ஆலை லேபிள்தானே சார்? இவரையே கேளுங்க.”

ஓங் புருவத்தை விரலால் நீவிக்கொண்டார். அவள் அதிகாரியின் மேசையில் ஒன்று ஒட்டினாள், குடுவையில் ஒன்று ஒட்டினாள், பொடிக்குள் ஒன்றை வைத்தாள். மூன்றும் இருந்த இடத்தில் இருந்தன. பிறகு ஆலையிலிருந்து கொண்டுவந்திருந்த சர்க்யூட் பலகை ஒன்றை வைத்து அதில் ஒட்டினாள். அது உரிந்து, மேசை விளிம்புக்கு நடந்து, கீழே விழுந்து, கதவுப் பக்கம் போயிற்று. துங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு முறை ஒட்டச் சொன்னார். அதுவும் போயிற்று. இனி உங்கள் கணவர் கை என்றார். ஆகுன் இடது கையால் வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தான். பாவ்சாய் கோணாமல், மில்லிமீட்டர் பிசகாமல் ஒட்டினாள். லேபிள் அவன் தோலின் மயிரை இழுத்துப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. இவ்வளவு அருவருப்போடு ஒரு பொருள் ஒரு மனிதனை விட்டு விலகுவதை நான் பார்த்ததில்லை. சாட்சிக்காகப் போயிருந்த நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“சார், இதெல்லாம் ஒரு ஆதாரமா?” என்றார் ஓங். “நடக்குற லேபிளுக்குச் சட்டத்துல எடமே இல்லையே.”

“நடக்கக் கூடாதுன்னும் சட்டத்துல இல்ல” என்றார் துங். “லேபிள் ஒங்களோடது. அது என்ன சொல்லுதோ அத எழுதிக்கிறேன்.”

படிவத்தில் அதற்கான கட்டம் இல்லாததால் ஓரத்தில் அளவுகோல் வைத்து ஒரு கட்டம் வரைந்து, நின்றது, நடந்தது என்று இரண்டு சொல் எழுதி, இரண்டாவதில் குறியிட்டார். அந்தக் கட்டம் இப்போது எல்லாப் படிவங்களிலும் அச்சாகியே வருகிறது. அலுவலக வாசலில் லேபிள் சுருள் தொங்குகிறது. ஆலைக்காரர்கள் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. அன்று துங் ஆகுனின் தாளில் முத்திரை குத்துவதற்கு முன், ஒழுங்குக்காரர் ஆனதால், ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத கை ஒன்று வேண்டும் என்றார். கணவன் விண்ணப்பம் தேறிவிட்ட தெம்பில் பாவ்சாய் சிரித்துக்கொண்டே தன் கையை நீட்டினாள்.

“என் கைய வச்சுக்குங்க. நான் தொட்டிப் பக்கமே போனதில்ல. இவரு சட்டையத் தொவைக்கிறதோட சரி.”

லேபிள் அவள் மணிக்கட்டில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு ஓரம் கிளம்பியது. அது உரிந்து, விரல் வழியாக இறங்கி, ஆகுனின் லேபிள் போன தடத்திலேயே கதவை நோக்கிப் போவதை அறையில் இருந்த நாங்கள் ஐந்து பேரும் பார்த்தோம். துங் இழுப்பறையைத் திறந்து இன்னொரு படிவம் எடுத்துத் தன் முன்னால் நேராக வைத்தார்.

“பேர் சொல்லுங்கம்மா” என்றார்.