அளவுக்கு ஓர் ஆள்

மலைச் சுற்றுலாவில் மூன்றாவது நிறுத்தம் வந்தாலே கல் மேடத்துக்குக் குஷி பிறந்துவிடும். பாறைகளைப் பற்றிப் படித்தவள் என்பதால் வேன் ஓட்டுநர்கள் வைத்த பெயர் அது. எந்த வளைவில் நிறுத்துவது, எதைக் காட்டுவது, எங்கே தேநீர் என்று இந்தப் பயணத்தை அங்குலம் அங்குலமாகத் திட்டமிட்டவள் அவள்தான். பாறையைப் பார்க்கக்கூட ஆள் வருமா என்று சிரித்தவர்களின் வாயை அடைத்தவளும் அவள்தான்.

"குறுக்கால ஒரு கோடு ஓடுது பாருங்க. அதுக்கு மேல இருக்கறது வயசான பாறை, கீழ இருக்கறது சின்னது. பூமி நெருக்கித் தள்ளினதுல பெருசு, சிறுசோட தலைமேல ஏறி உக்காந்துடுச்சு. எல்லார் வீட்டுலயும் நடக்கறதுதான்!"

கூட்டம் சிரிக்கும். அடுத்ததும் அவளுக்கு மனப்பாடம்.

"நாமெல்லாம் அதிர்ஷ்டசாலிங்க. போன மழைக்கு முன்னாடி வந்திருந்தா வெறும் மண்ணும் மரமும்தான். மலை சரிஞ்சு நமக்காகத் திரையை விலக்கியிருக்கு."

பிறகு படம். பக்கத்தில் ஓர் ஆள் நிற்காவிட்டால் பாறை முழ உயரமா, மூன்று மாடி உயரமா என்று படத்தில் தெரியாது. அதற்கென்று இருக்கவே இருக்கிறார் வேன் ஓட்டுநர். "அண்ணே, அளவுக்குக் கொஞ்சம் நில்லுங்க. சிரிங்கண்ணே, உங்க சொத்தையா கேக்கறோம்!" அவர் நிற்பார், சிரிக்க மாட்டார். கூச்ச சுபாவம் என்று இவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். அந்தப் படம் சுற்றுலாக் கையேட்டின் அட்டையாகவும் ஆனது.

ஒருநாள் கையேடு தேநீர்க் கடைக்காரம்மாவின் கண்ணில் பட்டது.

"இவரையா அங்க நிக்க வச்சீங்க?"

"ஏங்க?"

"இவரு தங்கச்சி வீடு அங்கதாம்மா இருந்துச்சு. மலை சரிஞ்சப்ப மத்தவங்க உடம்பை எல்லாம் எடுத்துட்டாங்க. அவளை மட்டும் எடுக்கவே முடியல."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது கல் மேடத்துக்கு. வீடுகள் புதைந்தது அவளுக்குத் தெரியாததா? செய்தியில் படித்தாள், ஐயோ பாவம் என்றாள், பாறையைக் கண்டதும் மறந்துவிட்டாள். அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது. அதிர்ஷ்டசாலிகளாம்! அதையும் அவர் காதுபடவே, ஒவ்வொரு தடவையும். போதாததற்குச் சிரிக்கச் சொல்லிக் கிண்டல் வேறு. வெட்கத்தில் உடம்பு கூசியது.

திரும்பும் வழியில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். "ஏசியைக் கொஞ்சம் குறைங்கண்ணே" என்றுதான் வந்தது. அவரும் குறைத்தார். வேனுக்குள் இருந்த கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாவது நிறுத்தத்தையே தூக்கிவிடலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் அடுத்த பயணத்துக்கு வந்தவர்கள் வேனில் ஏறும்போதே அட்டையைக் காட்டி அதைத்தான் கேட்டார்கள். வேறு வழியில்லாமல் இறங்கினாள். அதிர்ஷ்டம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

"இங்க வீடுங்க இருந்துச்சு," என்று ஆரம்பித்தாள். "மலை சரிஞ்சதுல ஆளுங்க போயிட்டாங்க. அதனாலதான் இந்தப் பாறை இப்ப வெளிய தெரியுது."

கூட்டத்தில் ஒருவர் தயக்கத்தோடு கேமராவை எடுத்தார். "அட்டையில இருக்கற மாதிரி ஒரு படம் எடுக்கலாமா? அளவுக்கு யாராச்சும் நிக்கணுமே."

ஓட்டுநர் வழக்கம்போலக் கதவைத் திறந்து இறங்கினார்.

"வேணாம்ணே, நீங்க இருங்க!" என்று பதறினாள். "இன்னிக்கு நான் நிக்கறேன்."

விறுவிறுவென்று நடந்து, கோட்டுக்கு நேர் கீழே போய் நின்றாள். அவருக்காக இதையாவது செய்தோமே என்று மனம் ஒரு நிமிடம் ஆறியது.

ஓட்டுநர் பின்னாலேயே வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"அங்க வேணாம் மேடம், கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துடுங்க. அவ அங்கதான் இருக்கா. தெரியாதவங்க மிதிச்சிடக் கூடாதுன்னுதான் நீங்க கூப்பிடறப்பல்லாம் நானே வந்து நின்னேன்."

கல் மேடம் காலைத் தூக்கினாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.