ஓரினாவுக்கு மூச்சுத் திணறல்

மாதத்தின் முதல் ஞாயிறு காலை, அல்சூர் ஏரிக்கரை மரங்களின் கீழ் நாலைந்து ஓரினா கார்கள் வரிசையாக நிற்கும். கம்பெனி அந்த மாடலை நிறுத்தி ஆறு வருடம் ஆகிவிட்டது. வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அதை விட மனமில்லை. ஒருவர் வண்டியின் கோளாறை இன்னொருவர் கேட்பதும், எந்தக் கடையில் எந்த பார்ட்ஸ் கிடைக்கும் என்று சொல்வதும், கடைசியில் எல்லோரும் சேர்ந்து அந்த வண்டியையே புகழ்வதும்தான் கூட்டத்தின் வேலை.

கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. மெக்கானிக் சொன்னதை இங்கே சொல்லக்கூடாது. வண்டி என்ன செய்தது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். மீறினால் எல்லோருக்கும் காபி வாங்கித் தர வேண்டும்.

விஜி வந்து இறங்கியதுமே சட்டத்தை மீறினாள்.

"ஹெட் கேஸ்கட் போயிடுச்சாம்ணா. இன்ஜினை இறக்கணும்ங்கறாங்க."

"ஒரு காபி," என்றாள் ஜோவிதா. நீலசந்திராவில் அழகு நிலையம் நடத்துகிறவள். வாரத்தில் ஆறு நாள் பிறர் தலையில் இருக்கும் அவளுடைய கை, ஞாயிறன்று ஓரினாவின் பானெட் மேல் இருக்கும். "காலங்காத்தால வந்து நிக்கறதுக்குள்ள தண்டனை வாங்கிட்டியே."

விஜிக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு மர்பி டவுனில் அவள் வீட்டு வாசலுக்குப் பழைய கார் வாங்குகிற ஒருவர் வருகிறார். அவள் அண்ணன் நரேஷ் பேசி முடித்துவிட்டான். விஜி வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறவள். மடக்குக் கட்டில், ரப்பர் பட்டைகள், மின்சிகிச்சைப் பெட்டி எல்லாம் இந்த டிக்கியில்தான் போகும். கார் போனால் பாதி நோயாளிகளை விட்டுவிட வேண்டியதுதான். அதைவிட, இந்த வண்டியைத் தானே கெடுத்துவிட்டோமோ என்ற எண்ணம் இரண்டு மாதமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. "ரெண்டாவது கியர்லயே ஊர் சுத்தினா எந்த வண்டி தாங்கும்?" என்று நரேஷ் கேட்டிருந்தான். ஒருவேளை அப்படித்தானோ?

"சரி, வண்டி என்ன பண்ணிச்சு, அத்தச் சொல்லு," என்றார் ஜெயராஜ். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவருடைய வெள்ளை ஓரினா இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதைச் சொல்லாமல் அவர் எந்தப் பேச்சையும் முடிப்பதில்லை.

விஜி கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். எந்தத் தேதி, எந்தச் சாலை, என்ன நேரம், வெப்ப முள் எங்கே நின்றது என்று எழுதி வைத்திருந்தாள். கே.ஆர். புரம் பாலத்தடியில் நெரிசல், ஏ.சி. ஓடியது, முள் மேலே ஏறியது. ஓசூர் சாலையில் வேகமாகப் போனபோது கொஞ்சம்தான் ஏறியது. இந்திரா நகர் சிக்னலில் மறுபடி ஏறியது. "அப்புறம் ஏ.சி.யும் தானா நின்னு போச்சு. அது வேற ஒரு ரிப்பேரு."

"அது ரிப்பேர் இல்லம்மா," என்றார் அனந்தபத்மநாபன். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். "சூடு ஜாஸ்தியானா வண்டியே ஏ.சி.ய கட் பண்ணிக்கும். தன்னைத் தானே காப்பாத்திக்குது. எவ்ளோ புத்தி, எஷ்டு புத்தி நோடு."

"உங்க வீட்டுல யாருக்கும் இல்லாத புத்தி," என்றாள் ஜோவிதா.

"அதனாலதான் ஞாயித்துக்கிழமை இங்க வர்றேன்."

விஜி நோட்டைப் பார்த்தாள். ஏ.சி. நின்ற மூன்று நாளையும் சிவப்பு மையில் குறைகளின் பட்டியலில் எழுதியிருந்தாள். அந்த மூன்று தடவையும் வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

பிறகு வாதம் கிளம்பியது. தெர்மோஸ்டாட் என்றார் ஜெயராஜ். தண்ணீர் பம்ப் என்றார் அனந்தபத்மநாபன். ஜெயராஜுக்கு பம்ப் பிடிக்கவில்லை.

"என் வண்டி ரெண்டரை லட்சம் ஓடியிருக்கு சார். இன்னும் கம்பெனி பம்ப்புதான்."

"உன் வண்டிய விடுப்பா. அது வண்டி இல்ல, உன் ஜாதகம்."

ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார்கள். வெள்ளையாக நுரை எதுவும் இல்லை. ஆறிய ரேடியேட்டர் தொட்டியில் தண்ணீர் சுத்தமாக இருந்தது. இன்ஜினை ஓடவிட்டும் அதில் குமிழி எழவில்லை. இன்ஜினுக்குள் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் அந்தக் கேஸ்கட் போயிருந்தால் இந்த இரண்டில் ஒன்றாவது காட்டிக்கொடுத்திருக்கும் என்றார் ஜெயராஜ். "ஃபேனு சுத்துதான்னு பாத்துடலாம். என்னுதையும் பக்கத்துல போடறேன். சத்தத்தைக் கேட்டாலே தெரிஞ்சிடும்."

வெள்ளை ஓரினாவும் விஜியின் சாம்பல் நிற ஓரினாவும் பக்கம் பக்கமாக, ஏ.சி. போட்டபடி உறுமின. இரண்டு ஃபேனும் ஒரே மாதிரிதான் சுற்றின. சத்தத்தில் வித்தியாசமே இல்லை. ஜெயராஜ் உதட்டைப் பிதுக்கினார்.

மணி பத்தே கால். மற்ற மூவரும் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தபோது, இட்லி கட்டி வந்த செய்தித்தாள் ஒன்று காற்றில் புரண்டு வந்தது. அது வெள்ளை ஓரினாவின் முன் கிரில்லில் போய் ஒட்டிக்கொண்டது. கீழே விழவில்லை. யாரோ உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்ததுபோல் அப்படியே நின்றது.

விஜி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதைப் பிய்த்தெடுத்துத் தன் வண்டியின் கிரில்லில் வைத்துக் கையை எடுத்தாள். தாள் சறுக்கித் தரையில் விழுந்தது. மறுபடியும் வைத்தாள். மறுபடியும் விழுந்தது.

"அண்ணா," என்றாள். "ஃபேன் சுத்துது. ஆனா காத்து உள்ள போகல."

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். ஜெயராஜ் தானும் ஒரு தடவை தாளை வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு இன்ஜினையும் அணைத்தார்.

வண்டி ஆறியதும் ரேடியேட்டருக்கு மேலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார்கள். ஏ.சி.யின் வலைத்தட்டு முன்னால், ரேடியேட்டர் பின்னால், நடுவில் விரல் பருமன் இடைவெளி. அந்த இடைவெளியின் வாயை மூட ஒரு ரப்பர் பட்டை இருக்க வேண்டும். வெள்ளை வண்டியில் இருந்தது. விஜியின் வண்டியில் இல்லை. விஜிக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் எங்கோ இடித்து, பழுது பார்த்தபோது போயிருக்கும். விஜி போன் விளக்கை உள்ளே அடித்தாள். மண் நிறத்தில் ஏதோ கெட்டியாக அடைத்திருந்தது.

ஜோவிதா கைப்பையிலிருந்து நீள வால் சீப்பை எடுத்து இடைவெளிக்குள் விட்டு நெம்பினாள். முதலில் ஒரு நூல் வந்தது. நூலோடு கொத்தாக வந்ததைச் செய்தித்தாளில் போட்டாள். காய்ந்து, பொடிந்து, தூசியோடு கம்பளி மாதிரி படிந்துபோன இதழ்கள். ஒன்றிரண்டில் மட்டும் இன்னும் ஆரஞ்சு நிறம் மிச்சமிருந்தது.

"செண்டுமல்லி," என்றாள் ஜோவிதா. "யாருடி உன் வண்டிக்கு மாலை போடறது?"

விஜிக்கு முகம் சிவந்தது. நான்கு வருடமாக, ஒரு வெள்ளிக்கிழமை விடாமல், வாங்கிய நாளிலிருந்து, அவள்தான் போடுகிறாள். நடுவழியில் ஒருநாள்கூட நின்றதில்லை, கொட்டும் மழையில் ஒரே சாவியில் கிளம்பியிருக்கிறது என்று அந்த வண்டிமேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை. முன் கிரில்லின் மேல் விளிம்பில் மாலையைக் கட்டி, ஓட்டத்தில் ஓரிரு நாளில் அது தானாக உதிர்கிறவரை எடுக்காமல் விட்டுவிடுவாள். காய்ந்த பிறகு பிய்த்து எறிய மனம் வராது.

"நான்தான்," என்றாள். "நல்லா இருக்கணும்னுதான் போட்டேன்."

ஜெயராஜ் தாளில் குவிந்ததைப் பார்த்தார். "இம்மாம் பூவையும் மூக்குல அடைச்சுக்கினு இது ஓசூர் வரைக்கும் போய் வந்துருக்கா? நாலு வருஷமா?"

"சும்மாவாப்பா? ஓரினா நோடு," என்றார் அனந்தபத்மநாபன். வேறு விளக்கம் தேவையில்லை என்பதுபோல் இருந்தது அவர் குரல்.

முக்கால் மணி நேரம் நெம்பினார்கள். சீப்பின் பல் நாலு உடைந்தது. ஜெயராஜ் டயருக்குக் காற்றடிக்கும் சின்ன மெஷினின் குழாயைப் பின்னாலிருந்து வைத்து ஊத, முன்னால் நின்ற அனந்தபத்மநாபனின் வெள்ளைச் சட்டை முழுக்கப் பூத்தூளாயிற்று. அப்போது விஜியின் போன் அடித்தது.

"எங்க இருக்க? ஆளு சீக்கிரமே வந்துட்டாரு. வாசல்ல நிக்கறாரு," என்றான் நரேஷ்.

"பத்து நிமிஷம்ணா."

அவள் சாவியைத் திருப்பினாள், ஏ.சி.யைப் போட்டாள், இறங்கி வந்தாள். கையில் இருந்த தாள் எண்ணெய்க் கறையும் மடிப்புமாக இருந்தது. மற்ற மூவரும் முன்பக்கம் வந்து குனிந்தார்கள். அவள் அதைக் கிரில்லுக்கு எதிரே நீட்டினாள். அரை அடி தூரத்திலேயே தாள் அவள் விரலை விட்டுப் பறந்து போய் ஒட்டிக்கொண்டது.

முள்ளையும் பார்த்துவிட வேண்டும் என்று அவள் சொன்னாள். இருபது நிமிடம் வண்டியை அப்படியே ஓடவிட்டார்கள். முள் நடுவில் வந்து நின்றது, அதற்குமேல் அசையவில்லை. மிச்சத்தை ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி எடுக்க வேண்டும், ரப்பர் பட்டை தன்னிடமே ஒன்று பழசு இருக்கிறது என்றார் ஜெயராஜ். அவள் நோட்டில் அதை எழுதிக்கொண்டாள். பிறகு போனை எடுத்தாள்.

"அண்ணா, அவருக்கு டீ குடுத்து அனுப்பிடு. வண்டி தர மாட்டேன்."

"லூசா நீ? இன்ஜினே போச்சுன்னு..."

"இன்ஜின் நல்லாருக்கு. என் டிரைவிங்கும் நல்லாருக்கு. வந்து காட்டறேன்."

ஜோவிதா உடைந்த சீப்பை அவள் கையில் வைத்தாள். "காபியோட இதுவும் சேத்தி. பூவ இனிமே உள்ள, கண்ணாடிகிட்ட மாட்டு. அதுவும் ஒரே ஒரு பூ."

எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு விஜி கிளம்பினாள். கடைத்தெரு நெரிசலில் ஏ.சி. போட்டபடியே ஊர்ந்தாள். பாதி நேரம் சாலையையும் பாதி நேரம் முள்ளையும் பார்த்துக்கொண்டு வந்தாள். மர்பி டவுன் சந்துக்குள் திரும்பியபோதும் முள் நடுவில்தான் இருந்தது. வாசலில் நரேஷ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வாங்க வந்தவர் போய்விட்டிருந்தார்.

அவள் இன்ஜினை அணைக்காமல் இறங்கி, மடித்த செய்தித்தாளை அவனிடம் கொடுத்தாள்.

"முன்னாடி போய் இதைக் கிரில்லுகிட்ட காட்டு."

"எதுக்கு?"

"காட்டேன்."

அவன் முறைத்துக்கொண்டே குனிந்து தாளை நீட்டினான். அது அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் ஒட்டியது. நரேஷ் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். சந்தில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். பிறகு தாளைப் பிய்த்தெடுத்து, இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று, மறுபடியும் ஒரு தடவை நீட்டினான்.